டி5600 உடன் டெலஸ்கோப் பூட்டி சிவ்ரி பூநாரையை (ஃப்ளமிங்கோ) எடுக்க முடியுமா?

செம்பூர்வாசி (ஞாயிறு, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை மும்பை ஹார்பர் லைன் ரயில் பிடித்து சிவ்ரி போய், ஜெட்டியில் எட்டிலிருந்து பதினொன்று வரை நின்றேன். கையில் இருப்பது நிக்கான் டி5600, 70-300 லென்ஸ். வீட்டுக்கு வந்து படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தால், சேற்றின் மேல் யாரோ ரோஸ் பவுடரைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. பெரிதாக்கினால் கழுத்து எது, கால் எது என்றே தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் குட்டையான குழாய் ஒன்றை முக்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, பாருங்க" என்று இடம் விட்டார். பூநாரையின் கண் தெரிந்தது! அலகைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீரை வடிகட்டித் தின்கிறதே, அதுவும் தெரிந்தது. அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

இணையத்தில் 70 மி.மீ. டெலஸ்கோப் ஒன்று, "150 மடங்கு", கூடவே முக்காலி, மொபைல் பிடிப்பான் எல்லாம் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. இதில் டிஎஸ்எல்ஆரை மாட்ட என்ன அடாப்டர் வேண்டும்? படம் தலைகீழாக விழுமா? 150 போதுமா, இன்னும் அதிகம் வேண்டுமா? பட்ஜெட் 60 ஆயிரம். வீட்டில் 40 என்று சொல்லியிருக்கிறேன்.

முலுண்ட்80 (ஞாயிறு, இரவு 9:52)

பழைய நிக்கான் பி900 ஒன்று வாங்குங்கள். 83 மடங்கு ஜூம். அடாப்டரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்.

கோடியக்கரை (ஞாயிறு, இரவு 10:30)

அந்த 150 மடங்கை முதலில் மறந்துவிடுங்கள். பறவை பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 20 முதல் 60 மடங்கோடு நின்றுவிடும். அதற்கு மேல் செய்யத் தெரியாமல் இல்லை. சேற்றுக்கு மேல் வெயில் ஏறியதும் காற்று நெளிய ஆரம்பிக்கும். தோசைக்கல்லுக்கு மேலே எதிர்ச்சுவரைப் பாருங்கள், அதே நெளிவுதான். 30 மடங்கில் அது லேசாகத் தெரியும். 60 இல் பூநாரை நடனமாடும். 150 இல் பறவை இருக்கிறதா என்பதே சந்தேகம்.

நீங்கள் பார்த்த பெரியவரிடம் இருந்தது ஸ்பாட்டிங் ஸ்கோப். நீங்கள் இணையத்தில் பார்த்தது நிலா பார்க்கிற பொம்மைக் குழாய். அதில் கண்வில்லை (ஐபீஸ்) மாட்டுகிற பகுதி பிளாஸ்டிக்கில் இருக்கும். டிஎஸ்எல்ஆரைத் தொங்கவிட்டால் அது வாழைத்தார் மாதிரிச் சாய்ந்துவிடும்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். பறவை எவ்வளவு தூரத்தில் நின்றது? உங்களுக்குப் பார்க்க வேண்டுமா, படமா? முக்காலி என்ன வைத்திருக்கிறீர்கள்?

செம்பூர்வாசி (ஞாயிறு, இரவு 10:48)

தூரம் குத்துமதிப்பாக 150 மீட்டர் சார். அதற்கும் அப்பால்தான் பெரிய கூட்டம். படம்தான் முக்கியம், ஆனால் இன்று அந்தக் கண்ணைப் பார்த்தபின் பார்ப்பதும் வேண்டும் போலிருக்கிறது. முக்காலி கல்யாணப் பரிசாக வந்த அலுமினியம். ஒரு விரலால் தூக்கலாம்.

பிக்சல்புலி (திங்கள், காலை 7:15)

லோக்கலில் நின்றுகொண்டே ஒரு சின்னக் கணக்கு. சின்னப் பூநாரையின் உயரம் 90 செ.மீ. என்று வைப்போம். 150 மீட்டரில் நிற்கிறது. 300 மி.மீ. லென்ஸில் சென்சார் மேல் அது விழும் உயரம் 1.8 மி.மீ. டி5600 சென்சாரின் உயரம் 15.6 மி.மீ., அதில் 4000 பிக்சல். ஆக, உங்கள் பறவைக்குக் கிடைத்தது சுமார் 460 பிக்சல், அதில் பாதிக்கு மேல் காலும் கழுத்தும். முகத்துக்கு என்ன மிஞ்சும்? அதுதான் ரோஸ் பவுடர்.

600 மி.மீ. குவியத்தூரம் உள்ள டெலஸ்கோப் என்றால் 920 பிக்சல். சரியாக இரண்டு மடங்கு. மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பது கண்ணால் பார்ப்பதற்கான எண். கேமராவை நேராக மாட்டினால் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை, குவியத்தூரமும் விட்டமும்தான் பேசும்.

மாட்டுங்கா மாமி (திங்கள், காலை 11:05)

தம்பி, கணக்கெல்லாம் சரி. முதலில் கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் போ. அதற்குக் காசு கிடையாது, இணையத்திலேயே டைட் டேபிள், அதுதான் கடல் ஏற்ற இறக்க அட்டவணை, இருக்கிறது.

நீ நின்றது நீர் வற்றிய நேரம். சேறு கிலோமீட்டர் கணக்கில் திறந்து கிடக்கும்போது பறவை ஏன் உன்னைத் தேடிக் கரைக்கு வரும்? ஏற்றம் உச்சிக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது போய் நின்றால், தண்ணீரே அதுகளைத் தள்ளிக்கொண்டு வரும். 50 மீட்டரில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உச்சிக்கு வந்து சேறு முழுகிவிட்டால் கிளம்பிவிடும், அதையும் மனதில் வை.

இன்னொன்று, சிவ்ரி கரை கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் உன் முகத்தில் அடிக்கும், பறவை வெறும் நிழலாகத் தெரியும். மாலையில் வெயில் உன் முதுகில். ஏற்றம் ஒரு நாளைக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பிற்பகல் மூன்றரை வாக்கில் உச்சி. அப்படியானால் புதன்கிழமை ஆறு மணி. புதன் மூன்று மணிக்குப் போய் நில், அந்த 70-300 ஐயே எடுத்துக்கொண்டு.

பிக்சல்புலி (திங்கள், காலை 11:20)

மாமி சொன்னதைக் கணக்கில் போட்டால், 50 மீட்டரில் 300 மி.மீ.க்கே 1380 பிக்சல். 60 ஆயிரம் ரூபாய் டெலஸ்கோப் இரண்டு மடங்கு தருகிறது, கடல் இலவசமாக மூன்று மடங்கு தருகிறது.

திருகாணி (திங்கள், இரவு 10:10)

கடையை மூடிவிட்டு இப்போதுதான் பார்த்தேன். லென்ஸ் கழற்றி மாட்டுகிற தொழில் எனக்கு, இருபது வருஷமாகத் தாராவியில். அடாப்டர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டெலஸ்கோப்பில் கேமரா மாட்டுவதற்கு இரண்டு துண்டு வேண்டும். கேமரா பக்கம் டி-ரிங், டெலஸ்கோப் பக்கம் ஒரு மூக்கு. மூக்கு இரண்டு அளவில் வரும்: ஒன்றேகால் இஞ்ச், இரண்டு இஞ்ச். ஒன்றேகால் உங்கள் சென்சாருக்கு ஏறக்குறையப் போதும், ஆனாலும் குழாயில் இரண்டு இஞ்ச் வாய் இருந்தால் அதையே வாங்குங்கள். கேமராவின் பாரத்தை அதுதான் ஆடாமல் பிடிக்கும்.

டி-ரிங்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதன் மரை 42 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 0.75 மி.மீ. பழைய பென்டாக்ஸ் ஸ்குரூ லென்ஸுக்கும் 42 மி.மீ. தான், ஆனால் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. மாற்றிப் போட்டால் ஒரு சுற்று இனிமையாக ஏறும், இரண்டாவது சுற்றில் இறுகும். "கொஞ்சம் அழுத்துவோம்" என்று தோன்றும் பாருங்கள், அங்கே நிறுத்த வேண்டும். அழுத்தினால் மரை போய்விடும், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கடையில் கண்டுபிடிக்க ஒரே அடையாளம் போதும். நிக்கானுக்கு வருகிற ஸ்குரூ லென்ஸ் வளையத்தில் பெரும்பாலும் நடுவே சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். டி-ரிங்கில் கண்ணாடியே இருக்காது, வெறும் ஓட்டை. விரலை விட்டுப் பாருங்கள். விரல் மறுபக்கம் வந்தால் வாங்கலாம்.

செம்பூர்வாசி (திங்கள், இரவு 10:32)

அண்ணாச்சி, தெய்வமே! போன சனிக்கிழமை போரா பஜாரில் ஒரு கடையில் "டெலஸ்கோப் ரிங்" என்று ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணாடி இடிக்கிறது.

திருகாணி (திங்கள், இரவு 10:35)

பில் இருந்தால் நாளைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது பழைய ஸ்குரூ லென்ஸ் கிடைக்கும்.

செம்பூர்வாசி (புதன், இரவு 9:15)

மாமி, காலில் விழுகிறேன். அரை நாள் லீவு போட்டுப் போனேன். நாலரை மணிக்கு ஒரு வரிசை 60 மீட்டருக்கு வந்துவிட்டது. வெயில் முதுகில். இறக்கையைச் சிலிர்த்தபோது உள்ளே இருக்கிற கறுப்பும் சிவப்பும் 300 லேயே வந்திருக்கிறது.

ஆனாலும் டெலஸ்கோப் ஆசை போகவில்லை. பட்டியல் சுருங்கியிருக்கிறது. 90 மி.மீ. மக்சுடோவ் (உள்ளே கண்ணாடியால் ஒளியை மடக்கும் குட்டைக் குழாய்), 1250 மி.மீ. குவியம், கைக்கு அடக்கமாக இருக்கிறது. இல்லையென்றால் 80 மி.மீ. ஈடி ரிஃப்ராக்டர் (நிறக் கசிவைக் குறைக்கும் கண்ணாடி போட்ட லென்ஸ் குழாய்), 600 மி.மீ. இல்லையென்றால் 65 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப். படம் தலைகீழாக விழுமா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை!

பிக்சல்புலி (வியாழன், காலை 7:20)

விழாது. எல்லா லென்ஸும் சென்சார் மேல் தலைகீழாகத்தான் போடும், கேமரா அதைத் திருப்பிக் காட்டும். கண்வில்லை இல்லாமல் கேமராவை நேராக மாட்டினால் டெலஸ்கோப்பும் ஒரு நீளமான லென்ஸ்தான். தலைகீழ் சமாசாரம் கண்ணால் பார்க்கும்போதுதான். அதற்கு 45 பாகை நிமிர்த்தும் பிரிசம் ஒன்று தனியாக வாங்க வேண்டும். நட்சத்திரம் பார்க்கும் 90 பாகைக் கண்ணாடியை வாங்கிவிடாதீர்கள், அதில் இடம் வலமாகத் தெரியும். கிழக்கே பறக்கும் பறவையை மேற்கே துரத்துவீர்கள்.

இனி அந்த மக்சுடோவ். 1250 என்றதும் வாய் ஊறும். 1250 ஐ 90 ஆல் வகுத்தால் எஃப்/13.9. இந்த எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 இல் உங்களுக்குக் கிடைக்கும் ஷட்டர் 1/130 அளவில். அந்த நீளத்துக்கு 1/2000 ஆவது வேண்டும், ஆக ஐஎஸ்ஓ 1600. வெயில் மங்கி மூன்று ஸ்டாப் போய்விட்டால், அதாவது வெளிச்சம் எட்டில் ஒரு பங்கானால், 12800, படத்தில் ரவை கொட்டியிருக்கும். 80 ஈடியின் எஃப்/7.5 இல் இதே வெயிலுக்கு ஐஎஸ்ஓ 400 போதும், 1/1800 வருகிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. நுணுக்கத்தைத் தருவது விட்டம்தான், நீளம் அதை இழுத்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. 80 க்கும் 90 க்கும் விட்டத்தில் என்ன பெரிய வித்தியாசம்? எஃப்/13.9 இல் ஒரு ஒளிப்புள்ளி உங்கள் சென்சாரில் கிட்டத்தட்ட ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவும். பறவை பெரிதாகத் தெரியும், இறகு கூடுதலாகத் தெரியாது. அதுவும் நடுவில் கண்ணாடி மறைக்கிற அமைப்பு என்பதால் பின்னால் மின்னும் தண்ணீர் எல்லாம் மெதுவடை வடையாக விழும். சிவ்ரியில் பின்னணி முழுக்கத் தண்ணீர்தான்.

கோடியக்கரை (வியாழன், இரவு 8:40)

ஸ்பாட்டிங் ஸ்கோப் பற்றி நான் சொல்கிறேன், பன்னிரண்டு வருஷமாக ஒன்றைத் தூக்கித் திரிகிறேன். கண்ணால் பார்ப்பதற்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடை குறைவு, படம் நிமிர்ந்தே தெரியும், நல்லதாக வாங்கினால் தூறலுக்கும் தாங்கும். ஆனால் கழற்ற முடியாத கண்வில்லை உள்ளவற்றில் டிஎஸ்எல்ஆரை நேராக மாட்ட முடியாது. கண்வில்லைக்குப் பின்னால் லென்ஸோடு கேமராவை வைக்க வேண்டும். ஸ்கோப் 20 மடங்கு, கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் இரண்டையும் பெருக்கி 1000 மி.மீ. 65 ஆல் வகுத்தால் எஃப்/15. அதே ஸ்கோப்பை 60 க்குத் திருகினால் 3000 மி.மீ., எஃப்/46. இருட்டு. கிட் லென்ஸை வைத்தால் ஓரமெல்லாம் கறுப்பு வட்டம் வேறு.

இந்த முறைக்கு மொபைல்தான் பொருத்தம். லென்ஸ் சின்னது, எடை இல்லை, கண்வில்லையோடு ஒட்டி உட்காரும். டிஎஸ்எல்ஆரை வைத்து நான் பட்ட பாட்டை எழுதினால் தனி இழை தேவைப்படும். ஒரு தடவை பழவேற்காட்டில் காற்றடித்து, கேமரா, பிடிப்பான், ஸ்கோப் மூன்றும் சேர்ந்து பின்பக்கம் சாய்ந்தது. பிடித்துவிட்டேன், ஆனால் பறவையைப் பார்க்கவில்லை.

ஆக, உங்கள் மூன்றில் கேமராவுக்கு நெருக்கமானது 80 ஈடி. ஈடி என்பதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் வெளிறிய பறவையின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். பூநாரையோ வெளிறிய பறவை, பின்னால் கறுத்த சேறு.

முலுண்ட்80 (வியாழன், இரவு 9:02)

இவ்வளவு பேசுகிறீர்கள். ஆட்டோஃபோகஸ்? பறக்கிற பறவை? செகண்ட் ஹேண்டில் நிக்கான் 200-500 கிடைத்தால் எஃப்/5.6, ஆட்டோஃபோகஸ், நடுக்கம் தடுக்கும் விஆர். டெலஸ்கோப்பில் இதில் எதுவும் கிடையாது. பி900 யோசனையை வாபஸ் வாங்குகிறேன், இதை வாபஸ் வாங்கமாட்டேன்.

கோடியக்கரை (வியாழன், இரவு 9:20)

இதில் நான் உங்கள் கட்சி. படம் மட்டும்தான் வேண்டும் என்றால் 200-500, இல்லையென்றால் சிக்மா, டாம்ரானின் 150-600. யோசிக்கவே வேண்டாம். பஞ்சுருட்டானையோ ஆலாவையோ பறக்கும்போது டெலஸ்கோப்பில் எடுத்தேன் என்று யாராவது சொன்னால், நூறு தடவை முயன்றதில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த லென்ஸில் கண்ணை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பறவை பார்க்க முடியாது. இவர் பெரியவரின் குழாயில் பார்த்த கண்ணை மறக்க முடியாமல் இருக்கிறார். இரண்டையும் ஒரே குழாயில் கேட்கிறார். அதற்கு விலை உண்டு: ஃபோகஸ் கையால்தான், நிற்கிற பறவைதான்.

ஏரோலிக்காரன் (வெள்ளி, மதியம் 1:15)

ஏரோலியில் படகு ஏறலாம் என்று நினைத்தால் எந்த டெலஸ்கோப்பும் வேண்டாம். தாணே கழிமுகம் 2022 இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தபின் கூட்டம் கூடுதல். படகில் முக்காலி என்பது வெறும் அலங்காரம், மோட்டார் நடுக்கம் காலில் ஏறி நேராகக் குழாய்க்குப் போகும். அங்கே உங்கள் 70-300 தான் ராஜா.

மாட்டுங்கா மாமி (வெள்ளி, மாலை 4:50)

முக்காலியை யாரும் பேசவே இல்லையே. கல்யாணப் பரிசு முக்காலியைக் கொலு பொம்மைக்கு விளக்குப் பிடிக்க வை. குழாய், கேமரா எல்லாம் சேர்ந்தால் நாலு கிலோ தாண்டும். 600 மி.மீ. பின்னால் ஒரு கொசு உட்கார்ந்தால்கூடப் படம் ஆடும். பட்ஜெட்டில் கால்வாசி முக்காலிக்கும் ஃப்ளூயிட் ஹெட்டுக்கும் ஒதுக்கு. ஜெட்டியில் கடற்காற்று அடிக்கும்போது நடுக்கம்பியை உயர்த்தாதே, பையை அதன் கொக்கியில் தொங்கவிடு.

1987 முதல் ஜனவரிதோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு வருகிற பிள்ளைகள் விலை உயர்ந்த ஸ்கோப்பை ஆடுகிற முக்காலியில் வைத்து, உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பிரிக்க முடியாமல் என்னிடம் வந்து நிற்பார்கள்.

திருகாணி (வெள்ளி, இரவு 10:25)

மாமி சொன்னதோடு ஒன்று. ஜூன் வருவதற்குள் டப்பா ஏற்பாடு செய்துவிடுங்கள். மும்பை மழையில் நாலு மாசம் அலமாரியில் வைத்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படரும், பிரித்துத் துடைத்தாலும் பூச்சு போய்விடும். காற்றுப் புகாத பெரிய டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர். முள் 40 க்கும் 50 க்கும் நடுவே நிற்கட்டும். அரிசிக்குள் புதைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், தவிட்டுத் தூசியைத் துடைக்க என்னிடம்தான் வருவார்கள்.

செம்பூர்வாசி (இரண்டாவது புதன், இரவு 8:30)

வாங்கிவிட்டேன்! வெளிநாடு போகிற ஒருவர் 80 ஈடியைத் தாணேயில் விற்றார், நிமிர்த்தும் பிரிசமும் இரண்டு கண்வில்லையும் சேர்த்து. முக்காலி புதிது. டி-ரிங் விரல் பரீட்சையில் தேறியது. வீட்டில் 40 தான் சொல்லியிருக்கிறேன், இன்னும் 40 தான்.

ஆனால் இன்று மாலை முழுத் தோல்வி. கேமராவை மாட்டினேன், ஃபோகஸ் குழாயைக் கடைசி வரை வெளியே இழுத்தேன். தூரத்தில் கடல் மேல் போகிற அடல் சேது பாலத்தின் தூண் கத்தி மாதிரித் தெளிவு. முன்னால் நிற்கிற பூநாரைகள் எல்லாம் நீராவி. பிரிசத்தோடு கண்ணால் பார்த்தால் எல்லாமே தெளிவு. கேமரா போட்டால் போச்சு. குழாயில் கோளாறா அண்ணாச்சி? விற்றவர் விமானம் ஏறிவிட்டார்.

திருகாணி (இரண்டாவது புதன், இரவு 9:05)

குழாய் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு ஆறு மில்லிமீட்டர் குறைகிறது.

இந்தக் குழாய்களைச் செய்கிறவர்கள் பின்னால் ஒரு பிரிசமோ கண்ணாடியோ இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் நீளத்தை வெட்டுகிறார்கள். நீங்கள் அதை எடுத்துவிட்டுக் கேமராவை வைத்ததும் அந்த வழி குறைந்துவிட்டது. தூரத்துப் பாலத்துக்கு எப்படியோ எட்டியது. கிட்டே இருக்கிற பொருளுக்குக் குழாய் இன்னும் வெளியே வர வேண்டும்: 600 மி.மீ. குவியத்துக்கு 60 மீட்டரில் 6 மி.மீ., 20 மீட்டரில் கிட்டத்தட்ட 19, பத்து மீட்டரில் 38. உங்கள் குழாய் பாலத்துக்கே கடைசி வரை வந்துவிட்டது, மிச்சம் இல்லை.

இரண்டு இஞ்ச் நீட்டுக் குழாய் ஒன்று, 50 மி.மீ. நீளம், மூக்குக்கும் ஃபோகஸருக்கும் நடுவே போடுங்கள். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் அலுமினியம், நான்கூடக் கடைசலில் போட்டுத் தருவேன். உள்பக்கம் கறுப்பு அடிக்க மறக்கக் கூடாது, இல்லையென்றால் படம் வெளுக்கும்.

பிக்சல்புலி (இரண்டாவது புதன், இரவு 9:30)

கூடவே: டி5600 இல் இந்த மாதிரிச் சிப் இல்லாத கண்ணாடி போட்டால் எம் மோடில் (எல்லாவற்றையும் கையால் வைக்கிற மோட்) மட்டும்தான் வேலை செய்யும், வெளிச்ச மீட்டர் காட்டாது. கோளாறு என்று பயந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுங்கள், ஹிஸ்டோகிராம் பாருங்கள், ஷட்டரை மாற்றுங்கள். மாலை வெயில் நிலையாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். ஃபோகஸை வ்யூஃபைண்டரில் நம்பாதீர்கள். லைவ் வ்யூவில் பெரிதாக்கி, பறவையின் கண்ணில் மின்னுகிற வெயில் புள்ளி மிகச் சின்னதாகும் இடத்தில் நிறுத்துங்கள். கையால் பட்டனை அழுத்தாமல் ரிமோட்.

முலுண்ட்80 (இரண்டாவது புதன், இரவு 9:41)

200-500 வாங்கியிருந்தால் இந்நேரம் படம் எடுத்து, வடாபாவ் தின்று, வீடு வந்து சேர்ந்திருக்கலாம். சும்மா சொன்னேன்.

செம்பூர்வாசி (மூன்றாவது புதன், இரவு 10:50)

நீட்டுக் குழாய் அண்ணாச்சி கடையில் போட்டது. காசு வாங்க மாட்டேன் என்றார், ஒரு கிலோ அல்வாவை வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

இன்று மூன்றே காலுக்கு நின்றேன். மேனேஜர் "புதன்கிழமை மட்டும் உனக்கு என்னப்பா வருது?" என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டது. நாலு மணி வரை காற்று நெளிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் சேற்றை மூட மூட நெளிவு அடங்கியது. ஐந்து மணிக்கு 70 மீட்டரில் ஒரு சின்னப் பூநாரை ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. லைவ் வ்யூவில் பெரிதாக்கி, ஃபோகஸ் திருகை முடி அளவுக்குத் திருகினேன். அலகின் அடர்சிவப்பு, அதன் நுனிக் கறுப்பு, மூடின இமை. 200 படத்தில் 11 தேறியது. பறந்தது ஒன்றும் தேறவில்லை, முலுண்ட் சாருக்கு மனம் குளிரட்டும்.

வெளிச்சம் போனபின் கேமராவைக் கழற்றிவிட்டுப் பிரிசத்தோடு 10 மி.மீ. கண்வில்லை போட்டுப் பார்த்தேன், 60 மடங்கு. பூநாரைகளின் காலடியில் கருவால் மூக்கன் என்கிற கரைப்பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றின் காலில், முழங்காலுக்கு மேலே, சின்னக் கொடி மாதிரி ஒரு பிளாஸ்டிக். எழுத்து இருந்தது. கேமராவை மறுபடி மாட்டுவதற்குள் தண்ணீர் ஏறிக் கால் முழுகிவிட்டது.

மாட்டுங்கா மாமி (மூன்றாவது புதன், இரவு 11:02)

கொடி என்ன நிறம்? எந்தக் கால், வலதா இடதா? எத்தனை எழுத்து? பூநாரை படத்தை அப்புறம் பார்க்கலாம். இதை பிஎன்எச்எஸ்-க்கு (பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம்) எழுத வேண்டும். 1883 இல் தொடங்கிய சங்கம், ஹார்ன்பில் ஹவுஸில் இருக்கிறது. பறவைக்கு வளையம் போடுகிறவர்கள் இந்த ஒரு வரிக்காகத்தான் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள்.

செம்பூர்வாசி (மூன்றாவது புதன், இரவு 11:10)

வலது கால் மாமி. வெள்ளைக் கொடி என்றுதான் நினைக்கிறேன், மங்கல் வெளிச்சம். மூன்று எழுத்து. நடுவில் 7. கடைசி எழுத்து ஒன்று பி, இல்லையென்றால் ஆர். முதல் எழுத்தைச் சேறு மூடியிருந்தது.

மாட்டுங்கா மாமி (மூன்றாவது புதன், இரவு 11:14)

பிரிசத்தோடு பார்த்தாயா, 90 பாகைக் கண்ணாடியோடா?

செம்பூர்வாசி (மூன்றாவது புதன், இரவு 11:15)

பிரிசம்தான் மாமி, இடம் வலமாகவில்லை.

மாட்டுங்கா மாமி (மூன்றாவது புதன், இரவு 11:19)

சரி. நாளைக்கு ஏழு மணி வாக்கில்தான் உச்சி, இருட்டிவிடும். ஆனால் ஐந்தரைக்கே தண்ணீர் கிட்டே வந்துவிடும், அது போதும். நான் என் ஸ்கோப்போடு ஜெட்டியில் இருப்பேன். நீ கேமராவைக் கழற்றாதே, நான் பார்த்துச் சொல்கிறேன், நீ எடு. மேனேஜரிடம் வியாழக்கிழமைக்கு வேறு காரணம் யோசித்து வை.